எங்கள் சக மேற்பார்வைக் குழுவுக்கு நன்றி

அன்புள்ள குழுத் தோழர்களுக்கு,

கூட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு எப்போதும் போய்விடுகிறேன். கேஸ்களை ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்ந்து யோசிக்கும் இந்தக் குழுவில் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி அதில் அடங்காது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் தனியாகக் கவுன்சிலிங் அறை வைத்திருப்பவள் நான். படிக்கும்போது ஒவ்வொரு கேஸையும் பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும். படிப்பு முடிந்த பிறகு கேட்க ஆளில்லை. பிரிட்டனில் ஆலோசகர் சங்கமான பிஏசிபி, தொழில் செய்யும் உறுப்பினர்கள் தொடர்ந்து சூப்பர்விஷனில், அதாவது தங்கள் கேஸ்களை இன்னொரு ஆலோசகரிடம் பேசிப் பார்ப்பதில், இருக்க வேண்டும் என்கிறது. இங்கே என்னைப் போன்றவர்களுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. நாள் முழுக்கக் கேட்டதை வீட்டிலும் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டோம்.

அந்த நிலையில் என்னை இந்தக் குழுவுக்கு அழைத்தவர் சேலத்து அக்கா. “இங்க யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லம்மா. முதல் கூட்டத்துல சும்மா உக்காந்து கேளு” என்றார். அந்த ஒரு சொல்லில் என் பயம் பாதி போயிற்று.

திருச்சி டாக்டர் அம்மாவுக்குத் தனி நன்றி. 1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் பொது மருத்துவர்களை வைத்து நடத்திய குழுக்களின் முறையை எங்களுக்குப் பழக்கியவர் அவர். கேஸ் சொல்பவர் குறிப்பேட்டைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். பிறகு நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதை வாய் திறக்காமல் கேட்க வேண்டும். ஜூம் கூட்டத்தில் நாங்கள் மைக்கை அணைத்துக்கொள்கிறோம்.

பேசாத ஒரு இளம்பெண்ணைப் பற்றி அப்படி ஒருமுறை சொன்னேன், குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி. நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவளுடைய அப்பாதான் பதில் சொல்வார். என்ன நோய், என்ன மாத்திரை என்று யாரும் தொடங்கவில்லை. தேனியிலிருந்து வரும் செவிலியர் தோழி மட்டும் கேட்டார்: “அந்தப் பொண்ணோட அம்மா எங்க உக்காந்திருந்தாங்க?” அம்மா வெளியே, செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை அவருக்கும் உள்ளே நாற்காலி போட்டேன். அன்று அந்தப் பெண் வாய் திறந்து பேசினாள். ஆயிரம் அறிவுரை அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

பின்னர், என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அன்று இரவு நாகர்கோவில் அண்ணன் போன் செய்தார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டேனா என்று கேட்டார். மறுநாள் வரவேண்டியவர்களில் யாரைத் தள்ளிப்போடலாம், யாரை எக்காரணத்தாலும் தள்ளக் கூடாது என்று பெயர் கேட்காமலே என்னோடு சேர்ந்து பார்த்தார். அவரும் இதே இழப்பைச் சந்தித்தவர் என்பதைப் பல வாரங்கள் கழித்துத்தான் சொன்னார். அண்ணே, அந்த இரவை நான் கடந்தது உங்களால்தான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி எதையெல்லாம் ரகசியமாக வைத்திருக்க முடியாது என்று பொறுமையாக விளக்கிய வழக்கறிஞருக்கும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான 14416 டெலி மானஸில் இரவுப் பணி முடித்து, தூக்கத்தை விட்டு வந்து உட்காரும் தோழிகளுக்கும் நன்றி. சொல்லப்படும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் உடனே கூட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்ற விதியைக் கறாராகக் காக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் நன்றி. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன ஊர்க்காரர்களுக்கு அந்த விதிதான் உயிர். கூட்ட நாட்களில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் என் கணவருக்கும் இதில் பங்குண்டு.

அடுத்த கூட்டத்தில் நேரம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ராமநாதபுரம் பக்கம் தனியாகப் பணிசெய்யும் இரண்டு ஆலோசகர்கள் வருகிறார்கள். அவர்களும் முதலில் சும்மா உட்கார்ந்து கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தென்மாவட்டத்துத் தோழி