குழாய் ஒப்பந்தம் கையெழுத்தானது: உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

எங்கள் நகரசபையும், கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான பக்கத்து க்ரீ சமூகமும் போன வாரம் சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நெடுஞ்சாலையோரம் அவர்கள் கட்டும் வணிக வளாகத்துக்கு இனி குடிநீரும் தீயணைப்பும் எங்கள் பக்கமிருந்து போகும். நகரசபையில் கோப்பு பார்க்கிற எனக்கு இது நான்கு வருட வேலை. அதில் பலருடைய உழைப்பு இருக்கிறது.

முதல் நன்றி, பேண்ட் அலுவலகத்தில் (அந்தச் சமூகத்தின் நிர்வாக அலுவலகம்) நில விவகாரங்களைக் கவனிக்கும் அக்காவுக்கு. முதல் கூட்டத்துக்கு நான் கொண்டுபோன வரைபடத்தில் எங்கள் சந்துபொந்தெல்லாம் இருந்தது; சாலைக்கு அந்தப் பக்கம், அவர்கள் ரிசர்வ் (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) இருக்கும் இடம் வெறும் வெள்ளை. எனக்குக் கூசிப்போனது. அவர் பென்சிலை எடுத்து, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, கல்லறைத் தோட்டம் என்று ஒவ்வொன்றாக வரைந்துவிட்டு, "சரி, இப்போது பேசலாம்" என்றார். குழாய் இன்று கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் போவது அந்தக் கோட்டால்தான்.

கனடாவின் பூர்வகுடிகள் பற்றிய 1876ஆம் ஆண்டின் 'இந்தியர் சட்ட'ப்படி ரிசர்வ்கள் மத்திய அரசின் கீழ் வருகின்றன. நகரசபைகள் மாகாணச் சட்டத்தில் பிறந்தவை. அதனால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டு ஊரும் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் காலம் ஓடிவிட்டது.

சாஸ்கட்டூன் அனுபவத்தை எங்களுக்குப் பொறுமையாக விளக்கியவர்களுக்கும் நன்றி. 1988இல் மஸ்கெக் லேக் க்ரீ சமூகம் அந்நகருக்குள்ளேயே ரிசர்வ் அமைத்தது. அங்கே நகரசபை வரி விதிக்க முடியாது. ஆனால் வரிக்கு ஈடான தொகையைச் சேவைக் கட்டணமாக அந்தச் சமூகம் கட்டுகிறது. வருமானம் போய்விடுமே என்று பயந்த எங்கள் கவுன்சிலர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் மனம் இளகியது.

பவல் ரிவர் நகரைப் பற்றியும் சொன்னீர்கள். 2002இல் கடலோர நடைபாதை வேலையில் அங்குள்ள ட்லாமின் பூர்வகுடி மக்களின் தொல்லிடங்கள் சேதமாகின. அவ்வளவு காயத்துக்குப் பிறகும் மறுவருடமே இரு தரப்பும் சமூக உடன்படிக்கை செய்துகொண்டார்கள். எங்கள் பேச்சு முறிந்து நின்ற குளிர்காலத்தில் அதை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், கனடா நகராட்சிகள் கூட்டமைப்பும், பூர்வகுடிகளின் பொருளாதார வளர்ச்சிக்கான அமைப்பான கேண்டோவும் தயாரித்த கையேட்டை எனக்கு அனுப்பிவைத்த தோழிக்கும், ஒவ்வொரு கூட்டத்தையும் க்ரீ மொழியில் பிரார்த்தனையோடு தொடங்கிவைத்த பெரியவருக்கும், எங்கள் நீர் நிலையப் பணியாளருக்கும் என் நன்றி. அவர் தன் விடுமுறை நாளில் போய் அந்தப் பக்கத்து இளைஞர்கள் இருவருக்குப் பம்புகளைக் காட்டிக்கொடுத்தார்.

மே மாதம் மண் இளகியதும் தோண்டும் வேலை தொடங்கும். முதல் நாள் எல்லோரும் வாருங்கள்.