பயிற்சி விமானங்களுக்கும் எச்சரிக்கை கருவி வேணும் – கோரிக்கை மனு

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்), புது தில்லி

பொருள்: ஃப்ளையிங் ஸ்கூல் விமானங்கள்ல ஏடிஎஸ்-பி அவுட் (விமானம் தன்னோட பொசிஷனை தானே அனுப்புற கருவி), இன் (மத்த விமானங்க அனுப்புறதை வாங்கிக் காட்டுற கருவி) ரெண்டையும் கட்டாயமாக்கக் கோரி

ஐயா, வணக்கம். நான் பைலட் இல்ல, பைலட்டுக்குப் படிக்கிற பையனோட அப்பா, லோன் போட்டு படிக்க வைக்கிறேன். போன மாசம் ஒருநாள் ராத்திரி போன் பண்ணான், சர்க்யூட்ல (ஏர்போர்ட்டைச் சுத்தி வந்து இறங்குற பாதை) டவுன்விண்ட் வரும்போது, அதாவது ரன்வேக்கு இணையா பறக்கும்போது, இன்னொரு செஸ்னா (சின்ன பயிற்சி விமானம்) அதே உயரத்துல குறுக்க வந்துருச்சாம், இன்ஸ்ட்ரக்டர் சட்டுனு கண்ட்ரோலை வாங்கித் திருப்பினதால தப்பிச்சாங்களாம். ரேடியோல பொசிஷன் சொன்னியாடான்னு கேட்டா, "சொன்னேம்பா, அவனும் அதே செகண்ட்ல பேசிருக்கான், ரெண்டு பேர் சொன்னதும் யாருக்கும் கேக்கல"ங்கிறான். அன்னிக்கு எனக்கு தூக்கம் போச்சு.

1996ல சர்க்கி தாத்ரியில ரெண்டு பெரிய விமானம் மோதி 349 பேர் செத்த பிறகுதான் இங்க பெரிய விமானங்களுக்கு டிகாஸ் (மோதல் வருதுன்னு பைலட்டை எச்சரிக்கிற கருவி) கட்டாயமாச்சு. சின்ன விமானத்துக்கு இன்னும் கண்ணும் காதும்தான். ஆனா கண்ணை எவ்ளோ நம்புறது? நேருக்கு நேர் ஆளுக்கு 100 நாட் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகத்துல வந்தா நடுவுல இருக்கிற தூரம் செகண்டுக்கு நூறு மீட்டர் குறையுது, பாத்து புரிஞ்சு திருப்பவே பன்னெண்டு செகண்ட் ஆகும்னு அமெரிக்காவோட விமானத் துறை எஃப்ஏஏ சொல்லுது. மோத வர்ற விமானம் கண்ணாடியில நகரவே நகராதாம், ஒரே இடத்துல புள்ளியா நின்னு கடைசியில திடீர்னு பெருசாகும். செஸ்னாவுக்கு றெக்கை மேல இருக்கு, திரும்பும்போது அதுவே மறைச்சிரும்.

2025 ஜூலை 8 கனடா மனிடோபால லேண்டிங் பழகின ரெண்டு பயிற்சி பைலட்டுங்க ரன்வே பக்கத்துலயே மோதி செத்தாங்க, ஒருத்தர் நம்ம கேரளாப் பையன். ரெண்டு விமானத்துலயும் ரேடியோ இருந்துச்சு. 2020 பிப்ரவரில ஆஸ்திரேலியா மங்களூர்ல (நம்ம மங்களூர் இல்ல, விக்டோரியா மாநிலத்துல அதே பேர்ல ஒரு ஊர்) ரெண்டு விமானம் மோதி 4 பேர் போனாங்க. ரெண்டும் தன்னோட பொசிஷனை ஏடிஎஸ்-பில அனுப்பிட்டுதான் இருந்துச்சு, ஆனா அதை வாங்கிக் காட்டுற ரிசீவர் ரெண்டுலயும் இல்ல. இருந்திருந்தா கண்ணுல படுறதுக்கு ரொம்ப முன்னாடியே அலர்ட் வந்திருக்கும்னு அவங்க விசாரணை சொல்லுது. அப்புறம் 2022ல ஆஸ்திரேலியா அரசாங்கம் கருவி விலையில பாதியை, 5000 ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும், திருப்பித் தர ஆரம்பிச்சுது.

இங்கயும் அதே மாதிரி மானியம் குடுத்தாவது கட்டாயமாக்குங்க ஐயா, டேப்லெட்ல கனெக்ட் பண்ற சின்ன ரிசீவரா இருந்தாலும் சரி. மாணவனை சோலோ (தனியா ஓட்ட) அனுப்புறதுக்கு முன்னாடி அது விமானத்துல இருக்கணும்.

இன்னொண்ணு, என் பையன் அந்த ஏர்ப்ராக்ஸை (ரெண்டு விமானம் மோதுற மாதிரி கிட்ட வந்த சம்பவத்தை) எழுதிக் குடுக்கவே பயந்தான், ஸ்கூல்ல கோவிச்சுப்பாங்கன்னு. பேர் வெளிய தெரியாம மாணவங்களே நேரா உங்க ஆபீசுக்கு அனுப்புற வழி எதுன்னு ஒவ்வொரு ஸ்கூல் போர்டுலயும் ஒட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பயிற்சி பைலட் ஒருத்தனோட அப்பா