ஞாயிறு கேட்பு: அனி டிஃப்ராங்கோ

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு நாம் கேட்கப்போவது அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்த அனி டிஃப்ராங்கோவின் பாடல்கள். 1990இல் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டவர். கிடாரும் கையுமாக ஊர் ஊராகப் போய்ப் பாடி, கச்சேரி முடிந்ததும் கேசட் விற்றார். பெரிய இசைக் கம்பெனிகள் தேடி வந்தும் கையெழுத்துப் போடவில்லை. ரைட்டியஸ் பேப் என்ற சொந்த நிறுவனத்தையே வளர்த்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அனாயிஸ் மிட்செல் போன்ற மற்றப் பாடகர்களின் ஆல்பங்களையும் அதே நிறுவனம் வெளியிட்டதுதான். பஃபலோவில் இடிபடவிருந்த பழைய தேவாலயத்தையும் மீட்டு அரங்கமாக்கினார்கள்.

பாட்டு வரிகளுக்கு முன் கிடாரைக் கவனியுங்கள். ஒட்டுநகம் வைத்து, மேலே டேப் சுற்றிய விரல்களால் தந்தியை அடிப்பார், தாளக்கருவியே தேவைப்படாது! கேட்டவர்கள் திங்களுக்குள் இங்கே வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்.