நினைவொளி இரவில் ட்ரைபாடோடு நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரட்டைக் கோபுரத் தாக்குதலின் நினைவாக செப்டம்பர் 11 இரவு நியூயார்க்கில் ஏற்றப்படும் இரட்டை ஒளித்தூணைப் படமெடுக்க வரும் நண்பர்களே,

நடுவில் விளக்குகள் அணைந்ததும் கரையில் முணுமுணுப்பு கிளம்புகிறது. அது பழுதல்ல. இது பறவைகள் தெற்கே வலசை போகும் காலம். ஒளிக்குள் சிக்கியவை வெளியேறத் தெரியாமல் கத்திக்கொண்டே சுற்றிக் களைத்துப்போகின்றன. ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டால் சுமார் 20 நிமிடம் அணைத்துவைப்பார்கள். அணைத்த சில நிமிடங்களிலேயே பறவைகள் கலைந்துவிடும். ஏழு ஆண்டுகளின் நினைவிரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் இந்த ஒளியால் திசைமாறியதாக 2017இல் வந்த ரேடார் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே, அணைப்பதை எதிர்த்துக் குரல் எழுப்பாதீர்கள்.

உங்களுக்கு வேண்டிய படமும் அந்த நேரத்தில் இல்லை. அன்று சூரியன் மறைவது மாலை 7:12 வாக்கில். 7:30 முதல் 7:50 வரை வானில் நீலம் தங்கியிருக்கும். கட்டடமும் ஒளிக்கற்றையும் ஒரே எக்ஸ்போஷருக்குள் (கேமரா ஏற்கும் ஒளியளவு) அடங்கும். பறவைகள் பெருங்கூட்டமாகச் சேர்வது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

படத்தைக் கெடுப்பது எக்ஸ்போஷர்தான். 7,000 வாட் செனான் விளக்குகள் 88. அடிப்பகுதி எளிதில் வெளுத்துவிடும். ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 4 வினாடியில் தொடங்குங்கள். ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் நீல நிறத்தைத் தனியாகப் பாருங்கள்: மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே நீலம் வலது ஓரத்தில் முட்டியிருக்கும். கேமராவின் மூலப் பதிவான ரா கோப்பாக எடுத்தாலும் அது முழுதாகத் திரும்பி வரும் என்று நம்பாதீர்கள். யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் கற்றையின் பிம்பம் படத்தில் தலைகீழாக இன்னொரு முறை விழும். ஃபோகஸை லைவ் வியூவில் பெரிதாக்கி, ஏதாவதொரு ஜன்னல் வெளிச்சத்தில் கையால் வையுங்கள். மிதவைத் துறைகளில் நிற்காதீர்கள். படகு போனால் மேடையே ஆடும், எவ்வளவு கனமான ட்ரைபாடும் உதவாது.

ஜெர்சி சிட்டி கரையிலிருந்து ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டருக்கு வலப்பக்கம் ஒளி எழும். புரூக்ளின் பக்கமிருந்து இடப்பக்கம். விளக்குகள் நினைவிடத்தில் இல்லை, அதற்குத் தெற்கே ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் கூரையில் இருக்கின்றன. விளக்குகள் அங்கே இரண்டு சதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கும். அவை உங்கள் பார்வைக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் ஒரே தூணாகத் தெரியும். கரையோரமாகத் தள்ளி நின்றால் பிரியும். காற்றில் சற்று ஈரமிருந்தால் கற்றை தடிக்கும், வறண்ட இரவில் மெலியும். முந்தைய சில இரவுகளில் சோதனையாக ஏற்றுவார்கள். இடம் பிடிக்க அதுவே தோது, கூட்டமும் குறைவு.

கற்றைக்குள் தெரியும் வெள்ளைப் புள்ளிகளைத் தூசியென்று அழித்துவிடாதீர்கள். பல பறவைகள், சில பூச்சிகள். 15 வினாடி வைத்தால் அவை கோடுகளாக இழுபடும். ஐஎஸ்ஓ 1600, அரை வினாடி என்றால் புள்ளிகளாக நிற்கும்.

விளக்கு அணைந்திருக்கும்போது ட்ரைபாடை நகர்த்தாமல் ஒரு படம் எடுத்துவையுங்கள். பிறகு பேட்டரியை மாற்றி, லென்ஸில் படிந்த ஈரத்தைத் துடைத்து, ஃபோகஸை மீண்டும் சரிபாருங்கள். பக்கத்தில் நிற்பவர் ஏன் அணைத்தார்கள் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அதே கரையில் நிற்கும் சில படக்காரர்கள்