கறுப்பியைப் பஞ்சாரத்தில் போடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் அப்பத்தாவும் நலம். அங்கு உன் நலமும் மாப்பிள்ளை, பேத்தி நலமும் அறிய ஆவல். கோழிச் சமாச்சாரத்தைப் போனிலேயே சொல்லியிருப்பேன். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் உன் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் ஐந்து கோழிகளில் கறுப்பி மற்றவற்றைக் கொத்தி விரட்டுகிறது என்று நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கறுப்பி கொத்துகிற இடத்தைவிட அது கொத்தாமல் நிற்கிற இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தீனித் தட்டுக்கும் தண்ணீர்ச் சட்டிக்கும் நடுவில் வந்து நிற்கிறது. கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஒரு பார்வை. அவ்வளவுதான், மூன்று கோழிகள் ஓரடி விலகிக்கொள்கின்றன. செவலை மட்டும் சுவரை ஒட்டிப் பதுங்குகிறது. அதன் பிடரியில் இறகு போய்ச் சதை சிவந்து தெரிகிறது. உனக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஐந்து கோழி இருந்தால் ஐந்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிற்பது மற்ற எல்லாவற்றையும் கொத்தும். கடைசியில் நிற்பது எதையும் கொத்தாது. நார்வே நாட்டில் தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே என்பவர் சிறு வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறித்துவைத்து, 1921-இல் தம் ஆய்வேட்டில் இந்தக் கொத்து வரிசையை விவரித்தார். கால்நடை ஆய்வாளர் பயிற்சியில் வாத்தியார் இதைச் சொன்னபோது பின்பெஞ்சில் இருந்த நாங்கள் சிரித்தோம். உன் அப்பத்தாவுக்குத் தெரியாததையா அவர் சொல்லிவிட்டார் என்று எனக்கு நினைப்பு. வரிசை முடிவாகிவிட்டால் கோழிகளுக்குள் சண்டை குறையும். எனவே ஒரு கொத்து, ஒரு விரட்டு என்ற அளவில் இருந்தால் நீ குறுக்கே போகாதே. ரத்தம் வந்தாலும், தீனிக்கு அண்டவிடாமல் மறித்தாலும், விலகி ஓடிய பிறகும் துரத்திப் போய்க் கொத்தினாலும் விட்டுவைக்கக் கூடாது. கறுப்பி மூன்றையும் செய்கிறது.

இன்று இரவு கோழிகள் அடைந்த பிறகு செவலையைத் தூக்கிக் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பார். வயிறாரத் தின்ற கோழிக்கு அது உருண்டு நிற்கும். நெஞ்செலும்பையும் தொட்டுப் பார். இரு பக்கமும் சதை வற்றி எலும்பு கூராக இடறினால் அது பல நாளாகப் பட்டினி.

கறுப்பி அடைக்கு உட்கார்ந்திருந்தால் விஷயம் வேறு. அடைக்கோழி இறகைச் சிலுப்பிக்கொண்டு கிட்டே வருகிற எதையும் கொத்தும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வீடியோவில் இது இறகு படிந்து, முற்றம் முழுக்க உலாத்திக்கொண்டிருக்கிறது. அடை இல்லை.

இனி உன் கூண்டுக்கு வருகிறேன். மாப்பிள்ளை வருத்தப்படக் கூடாது. நாலடிக்கு மூன்றடி என்றால் பன்னிரண்டு சதுர அடி. ஒரு கோழிக்கு உள்ளே நான்கு சதுர அடியாவது வேண்டும், வெளியே உலாவப் பத்துச் சதுர அடி. அப்படிப் பார்த்தால் உன் கூண்டு மூன்று கோழிக்குத்தான் காணும். மழை என்று பகலிலும் அடைத்து வைத்தால் அடிபடுகிற கோழி எங்கே போகும்? நம் ஊரிலும் திமிர் பிடித்த பெட்டைகள் உண்டு. ஆனால் இங்கே கொத்து வாங்கியது வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடிவிடும், கொத்தியது துரத்தி அலுத்துத் திரும்பிவிடும். உன் வீட்டு முற்றத்தில் ஒளிய மறைவே இல்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பழைய பலகையைச் சாய்த்து வை. தீனியை மூன்று தட்டில் போடு. ஒரு தட்டில் நின்றால் இன்னொன்று கண்ணில் படாதபடி தள்ளித் தள்ளி வை. எவ்வளவு பெரிய ரவுடியானாலும் ஒரு நேரத்தில் ஒரு தட்டைத்தான் காவல் காக்க முடியும்.

தீனியும் ஒரு காரணம். வெறும் அரிசியும் மீந்த சோறும் போட்டால் புரதம் போதாது. இறகு என்பதே புரதம்தான். குறைவுபட்ட கோழி அடுத்ததன் இறகைப் பிடுங்கித் தின்னப் பழகிவிடும். முட்டைக்கோழித் தீவனம் வாங்கிக் கலந்து போடு. இங்கே நாங்கள் பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற மண்ணில் கவிழ்த்து வைப்போம். விடிந்து நிமிர்த்தினால் பானை நிறையக் கறையான், கோழிகளுக்கு விருந்து. வாடகை வீட்டில் அதைச் செய்தால் வீட்டுக்காரர் உன்னைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். நெத்திலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவிக் காயவைத்துப் பொடித்துக் கொஞ்சமாகப் போடு. அகத்திக்கீரைக் கட்டைத் தலை உயரத்தில் தொங்கவிடு. எம்பி எம்பிக் கொத்துவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

செவலையின் காயத்துக்கு வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசு. அதன்மேல் அடுப்புக்கரித் தூளைத் தூவு. சிவப்பைக் கண்டால் அதுவரை சாதுவாக இருந்த கோழியும் வந்து கொத்தும். கரி அந்த நிறத்தை மறைத்துவிடும்.

நீ செவலையைத் தனியே வைக்கப் போவதாகச் சொன்னாய். அதைச் செய்யாதே, அம்மா. தனியே வைத்த கோழி திரும்பி வரும்போது வரிசையின் கடைசியில்தான் நிற்கும். செவலை ஏற்கெனவே கடைசி. பிடிக்க வேண்டியது கறுப்பியை. பஞ்சாரத்தில், அதான் கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடையில் போட்டு, மற்ற கோழிகளின் கண்ணில் படாத நிழலில் வை. உள்ளே தீனியும் தண்ணீரும் இருக்கட்டும், நாய் தள்ளாதபடி மேலே ஒரு கல். பட்டினி போடாதே, இது தண்டனை அல்ல. ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும், இரவில் மட்டும் ஒரு பெட்டியில் வைத்து வீட்டுக்குள் எடுத்துக்கொள். அதற்குள் மற்ற நான்கும் தங்களுக்குள் இடம் பேசி முடித்துவிடும். பிறகு இருட்டியதும் கறுப்பியைக் கொண்டுபோய் மற்றவற்றோடு அடைய விடு. காலையில் அது மாற்றலாகி வந்த அதிகாரி மாதிரி முழித்துக்கொண்டு நிற்கும். அன்று காலை மட்டும் பக்கத்திலேயே இரு. இரண்டொரு மோதல் நடக்கும். ரத்தம் வராதவரை விட்டுவிடு.

பக்கத்து வீட்டுக்காரர் அலகு நுனியை நகவெட்டியால் வெட்டச் சொன்னாராமே, அந்தப் பேச்சே வேண்டாம். அலகுக்குள் நரம்பும் ரத்த ஓட்டமும் உண்டு. நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் குஞ்சிலேயே சூடான தகட்டால் நுனியைத் தீய்ப்பார்கள். ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்ப்பவர்களின் வேலை அது. ஐந்து கோழி வைத்திருக்கிற உனக்கு எதற்கு? செவலைக்குத் துணை என்று புதிதாக ஒற்றைக் கோழி வாங்குவதும் கூடாது. வந்த அன்றே ஐந்தும் சேர்ந்து அதை உண்டு இல்லை என்று பண்ணிவிடும். வெள்ளைக்கழிச்சல் என்கிற கொள்ளைநோயையும் கையோடு கொண்டுவந்தால் கூண்டே காலி. சேவல் இருந்தால் பெட்டைகளின் சண்டையை ஓரளவு விலக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நாலு மணிக்கு அது கூவுவதற்கு அக்கம்பக்கத்தாருக்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கறுப்பி பழைய ஆட்டம் ஆடினால் இங்கே அனுப்பிவிடு. அப்பத்தாவின் சாம்பல் பெட்டை அதைப் பார்த்துக்கொள்ளும். குழம்பு வைத்துவிடலாம் என்கிறாராம் மாப்பிள்ளை. அதிலும் தப்பில்லை. ஆனால் பேத்தி பெயர் வைத்த கோழியை அவள் இலையில் மட்டும் பரிமாறாதீர்கள்.

ஓசூரில் பஞ்சாரம் கிடைக்குமோ கிடைக்காதோ, தம்பி அடுத்த வாரம் வரும்போது ஒன்று கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு வரக் கூச்சப்படுவான். நீயே போனில் ஒரு வார்த்தை சொல்லிவை. கருவாட்டைத் தனிப் பொட்டலமாகக் கட்ட வேண்டும் என்று அம்மா இப்போதே சத்தம் போடுகிறாள்.

இப்படிக்கு,
அப்பா