மணிக்கு மாத்திரை கொடுக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய, நம் நாய் மணியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாலுக்கு மேலே, இடுப்பில், உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்து கிடக்கிறது. தெள்ளுப்பூச்சி வேலைதான். சந்தேகம் இருந்தால் ஈரமான வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் அவனை வாரிவிடு. விழுகிற கறுப்புத் துகள் ஈரத்தில் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். மூன்று வாரமாகச் சொறிகிறான் என்று இப்போதுதான் சொல்கிறாய்.

தெள்ளைக் கொல்லப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரே மாத்திரை, சனிக்கிழமை கொடுக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. டாக்டரிடம் பேசும்வரை பெட்டியைப் பிரிக்காதே.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. சும்மா விடுவதும் ஆபத்துதான். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும், நாள்கணக்கில் கடித்துக் குதறிப் புண்ணாக்கிக்கொள்ளும். கடிக்கும்போது தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரும். வாலடியில் வெள்ளரி விதை மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா பார்.

நீ வாங்கியது ஃபுளூரலானர். அஃபாக்சோலானர், சரோலானர், லோட்டிலானர் எல்லாம் அதன் பங்காளிகள். பூச்சியின் நரம்பை அடங்கவிடாமல் துடிக்கவைத்துக் கொல்கிற மருந்துகள். நாயின் நரம்பைவிடப் பூச்சியின் நரம்பை இறுகப் பிடிப்பதால்தான் பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. வாந்தி, பேதி, ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பது, அவ்வளவுதான். ஆனால் சில நாய்களுக்குத் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பம் முழுவதற்கும் எச்சரிக்கை கொடுத்தது. அதற்கு முன் வலிப்பே வராத நாய்க்கும் வரலாம். ஏற்கெனவே வந்த நாய் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க வழியில்லை. ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மாதத்துக்கு ஒன்று கொடுப்பதும் சட்டென்று இறங்கிவிடாது. ஆனாலும் மூன்று மாத மருந்தை ஒரே நாளில் உள்ளே தள்ளுவது வேறு கணக்கு.

இன்னொன்று. படத்தில் பின்னால் அந்தப் பெட்டி தெரிகிறது, 20 முதல் 40 கிலோ என்று போட்டிருக்கிறது. இங்கிருந்து போகும்போது மணி 18 கிலோ. அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறு, பிறகு தனியாக ஏறு, கழித்துப் பார். 20க்குக் கீழே என்றால் அது அவனுக்கான மாத்திரையே இல்லை. உடைத்துப் பாதி கொடுக்கலாம் என்றும் நினைக்காதே.

முதுகில் விடுகிற சொட்டு மருந்து வேண்டுமா என்று கேள். ஃபிப்ரோனில் இருக்கிறது, செலாமெக்டின் இருக்கிறது. தோள்பட்டை நடுவே முடியை விலக்கித் தோலின் மேல் விட வேண்டும், முடியில் விட்டால் வீண். ஃபிப்ரோனில் என்றால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதே. பெர்மெத்ரின் கலந்ததை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதே. உன் பூனை அவன்மேல்தான் படுத்துத் தூங்குகிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனைக்கு நடுக்கம் கொடுத்துக் கொன்றுவிடும்.

எந்த மருந்து போட்டாலும் பத்து நாளில் மறுபடி தெள்ளைப் பார்ப்பாய். மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைக் கொடுத்துவிடாதே, அளவு மீறிப்போகும். நாயின் மேல் தெரிவது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான். மீதி முட்டையும் புழுவும் கூடுமாகப் பாயிலும் சோபா இடுக்கிலும் இருக்கிறது. கூட்டுக்குள் எந்த மருந்தும் போகாது. வாக்குவம் கிளீனரின் அதிர்வு பட்டால் உள்ளே இருக்கும் தெள்ளு வெளியே வரும், அதனால் தினமும் போடு. அவன் படுக்கையை 60 டிகிரி வெந்நீரில் துவை. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் ஓயும். நீ செய்வாய். அவனை நீ வைத்திருக்கும் சுத்தத்தில் நான்கூட வைத்திருந்ததில்லை.

வலிப்பு வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்பார் என்றேன். இல்லை என்றுதான் நீ சொல்வாய். உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

வந்திருக்கிறது பாப்பா. இரண்டு தடவை. நீ கடைசி வருடப் பரீட்சையில் இருந்தபோது. முதல் தடவை விடியற்காலை, தூக்கத்திலேயே பக்கவாட்டில் விறைத்து, நாலு காலும் நீந்துவதுபோல் துழாவின. நுரை தள்ளினான், சிறுநீர் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு நிமிடத்துக்குள் அடங்கியது. பிறகு அரை மணி நேரம் என்னையே தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தான். ஏழு வாரம் கழித்து மறுபடி, ஒரு நிமிடம். அப்போது அவன் உடம்பில் எந்தப் பூச்சி மருந்தும் இல்லை. அதற்கப்புறம் வரவில்லை.

அன்றே உன்னிடம் சொல்லு என்றாள் அம்மா. பரீட்சை முடியட்டும் என்றேன். நீ அவனைக் கூட்டிப்போக வந்த அன்றும் வாய் வரை வந்தது. சொன்னால் விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடுவாயோ என்று விழுங்கிவிட்டேன். முப்பது வருடம் கால்நடை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன், வருகிறவர்களிடம் எல்லாம் கேட்ட கேள்விக்குச் சொந்த மகளிடம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மேலே எழுதியதை அப்படியே டாக்டரிடம் படித்துக் காட்டு. உன்னிடம் இருக்கும்போது வந்தால் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாதே, சுற்றியிருக்கும் பொருளை நகர்த்திவிட்டு நேரத்தைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அதே நாளில் இன்னொன்று வந்தாலோ, உடனே தூக்கிக்கொண்டு போ.

சனிக்கிழமைக்கு முன்னால் எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அப்பா