'நூறு மடங்கு வேகம்' தலைப்பை விட்டுவிடுங்கள்

தமிழில் தொழில்நுட்பச் செய்தி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். ரேடியோ அலைக்குப் பதிலாக ஒளி வழியாகத் தரவை அனுப்பும் லைஃபை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரே தலைப்புதான்: 'வைஃபையை விட 100 மடங்கு வேகம்!' பக்கத்தில் ஒரு மேசை விளக்கின் படம். கடைசி வரியில், வைஃபைக்கு விடைகொடுக்கும் நாள் தொலைவில் இல்லை என்ற அறிவிப்பு. பல ஆண்டுகளாக அந்த நாள் அதே தொலைவில்தான் இருக்கிறது.

அந்த 100 எங்கிருந்து வந்தது? 2015இல் எஸ்தோனியாவின் வெல்மென்னி நிறுவனம் விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் லைஃபையைச் சோதித்தது. அந்த வேகத்தை அன்றைய சராசரி வைஃபை வேகத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு பக்கம் சோதனையில் தொட்ட வேகம், மறுபக்கம் சாதாரணப் பயன்பாட்டில் கிடைக்கும் சராசரி. உச்சத்தோடு உச்சத்தை வைத்திருந்தால் தலைப்பே கிடைத்திருக்காது. ஏனென்றால் 2013இல் வந்த 802.11ஏசி வைஃபை தரநிலையே ஏட்டளவில் 1 ஜிகாபிட்டைத் தாண்டிவிட்டது.

அப்புறம் 2023இல், வைஃபை தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு லைஃபைக்கென்று 802.11பிபி தரநிலையை வெளியிட்டது. அதன் உச்சம் விநாடிக்கு 9.6 ஜிகாபிட். வைஃபை 6இன் உச்சமும் அதே 9.6தான். இது தற்செயல் அல்ல. ஏற்கெனவே உள்ள வைஃபை முறையைத்தான் ரேடியோவிலிருந்து எடுத்து ஒளியில் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த தலைமுறையான வைஃபை 7 ஏட்டளவில் 46 ஜிகாபிட் வரை போகிறது. அப்படியிருக்க, இன்னும் 100 மடங்கு என்று எழுதினால் எப்படி?

அந்த மேசை விளக்குக்கும் ஒரு கதை உண்டு. அப்போது எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஹரால்டு ஹாஸ் 2011இல் ஒரு மேடையில் எல்இடி விளக்கின் ஒளி வழியாகக் காணொளியை ஓட்டிக் காட்டினார். கையை நீட்டி ஒளியை மறைத்தார், காணொளி நின்றது. புதிய தரநிலை பயன்படுத்துவது 800 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்கே தெரியாது. ஆகவே விளக்கை அணைத்தால் இணையம் போய்விடுமா என்ற பழைய கேள்விக்கு இங்கே வேலையில்லை. ஆனால் அந்தக் கை முக்கியம். ரேடியோவுக்கும் ஒளிக்கும் உள்ள பெரிய வித்தியாசமே எது தடுக்கிறது, எது தடுப்பதில்லை என்பதுதான். நீங்கள் எழுத வேண்டியதும் அதைத்தான்.

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. சுவரைத் தாண்டும், கொஞ்சம் பலவீனப்படும், அவ்வளவுதான். அதனால் ஒரே ரவுட்டர் பல அறைகளுக்குப் போதும். அதனாலேயே அடுத்த வீட்டு ரவுட்டரும் நம் அறைக்குள் வந்து இடிக்கிறது. அந்த அலைவரிசைப் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. நெருக்கமான குடியிருப்பில் இரவானால் வேகம் குறைவதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

ஒளி சுவரோடு நின்றுவிடும். ஒவ்வோர் அறையும் முழு அலைக்கற்றையையும் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னலும் கதவும் மூடியிருந்தால் வெளியிலிருந்து சிக்னலைப் பிடிப்பதும் கடினம். ஆனால் அதற்கு விலை உண்டு: அறைக்கு அறை தனிக் கருவி, ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு, ஆள் நடந்து போனால் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு இணைப்பைக் கைமாற்றும் ஏற்பாடு. நேரடி வெயில் பட்டால், ஒளி சிக்னலை வாங்கும் ஏற்பியில் இரைச்சல் கூடும். பையில் கிடக்கும் போனுக்கு ஒளி எட்டாது. போதாததற்கு, நாம் வைத்திருக்கும் போன்களில் லைஃபை ஏற்பியே கிடையாது. செய்திகளில் இந்த ஒரு வரியைத்தான் நான் தேடித் தேடிப் பார்ப்பேன், இருக்காது.

லைஃபை வீண் என்று சொல்லவில்லை. ரேடியோ அலை நுழையக் கூடாத எம்ஆர்ஐ அறையில் அது அருமையான தீர்வு. கடலுக்கடியிலும் அது கைகொடுக்கும்: கடல்நீர் ரேடியோவைச் சீக்கிரம் விழுங்கிவிடும், நீலப்பச்சை ஒளியோ அதைவிட வெகுதூரம் போகும். இவற்றை எழுதினால் வாசகர் ஆர்வமாகவே படிப்பார்.

அடுத்த முறை ஒரு வேகத்தைக் குறிப்பிடும்போது, அது எத்தனை மீட்டர் தூரத்தில், ஆய்வகத்திலா விற்பனைக் கருவியிலா, எந்த வைஃபையோடு ஒப்பிட்டது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். உங்களுக்கு வந்த செய்தி அறிக்கையில் அந்த விவரம் இல்லையென்றால், அனுப்பியவர்களிடமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்